கொம்பில் ஏறிய நீலம்

காலை பத்தேகாலுக்கு ஜெரூஷாவைத் திருடி என்று சொன்னார்கள். பத்தரைக்கு அவள் எனக்கு போன் செய்தாள். பதினொன்றரைக்கு நானும் அரிகிருஷ்ணன் சாரும் திருநீர்மலை ரோட்டில் அவள் வேலை செய்யும் கம்பெனி கேட்டில் போய் நின்றோம். நடுவில் போன ஒரு மணி நேரத்தில் பாதி ஷேர் ஆட்டோவுக்கு, மீதிப் பாதி சாரின் கூலிங் கிளாஸைத் தேடியதற்கு. அது அவர் தலையிலேயே இருந்தது.

தாம்பரம் மேற்கில் பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். பலகையில் சாரின் பெயர் பெரிதாக இருக்கும், என் பெயர் இருக்காது. நான் அருள்மேரி, உதவியாளர். சார் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரு வியாதி உண்டு. கேஸ் என்று வந்துவிட்டால் மேடை நாடகத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார். பயம் வந்தால் மட்டும் அது தெளியும்.

ஜெரூஷா எங்கள் சர்ச்சில் பாடுகிற பெண். இருபத்தெட்டு வயது, எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பெயின்டுக்கு நீலப் பொடி செய்கிற அந்தக் கம்பெனிக்கு இருக்கிற ஒரே கெமிஸ்ட் அவள்தான். ஆபீஸ் அறையில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரே ஒரு ஜாடி. நானூறு கிராம் நீலப் பொடி. ஆறு மாசம் ஒழைப்பு,” என்றார் முதலாளி குப்புராஜ். அறுபது வயது, மடிப்புக் கலையாத வேட்டி. அவர் அப்பா கத்திரிக்காய் போட்ட நிலத்தில்தான் கம்பெனி நிற்கிறது. “போகிக்கு மொத நாள் பூட்டிட்டுப் போனோம். மாட்டுப் பொங்கல் முடிஞ்சி நாலாம் நாள், இன்னிக்கித் தொறக்கறோம். ஜாடியக் காணோம். நாலு மணிக்கு பிரிண்டர் கம்பெனிலேந்து டேனியல்னு ஒருத்தர் பாக்க வர்றாரு. அதுக்குள்ள ஜாடி வரலன்னா நான் ஸ்டேஷன்ல இந்தப் பொண்ணு பேர எழுதிக் குடுத்துடுவேன்.”

“பதினோரு பேரைக் கேட்ல நிக்க வெச்சு, அவங்க முன்னாடி திருடின்னு சொல்லிட்டார்க்கா,” என்றாள் ஜெரூஷா. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும். “கேஸ் ஆச்சுன்னா வேற எந்த லேப்லயும் என்னைச் சேக்க மாட்டாங்க. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.”

சார் தொண்டையைச் செருமினார். “அந்தப் பொடியின் பயன் யாது?”

ஜெரூஷா என்னைப் பார்த்தாள். நான், சும்மா பதில் சொல்லு என்று கண் காட்டினேன்.

“லேசர் பிரிண்டருக்குள்ள ஒரு உருளை இருக்கும் சார். ட்ரம்னு சொல்லுவோம். அது மேல இந்த நீலப் பொடிய ரொம்ப மெல்லிசா பூசணும். இருட்டுல இருக்கற வரைக்கும் ட்ரம் கரன்ட்டப் புடிச்சு வெச்சுக்கும். லேசர் வெளிச்சம் பட்ட எடத்துல மட்டும் விட்டுடும். விட்ட எடத்துலதான் மை ஒட்டும்.”

“இருட்டுல புடிச்சுக்கும், வெளிச்சத்துல கைவிட்டுடும். எங்க சொந்தக்காரங்களும் அப்படித்தான்,” என்றேன்.

“எண்ணெய், தின்னர் ஏதாவது பட்டுட்டா அதோட அமைப்பே மாறிடும்க்கா. அப்புறம் அது வெறும் பெயின்ட் நீலம்தான். அதான் கருப்புப் பேப்பர் சுத்தி பீரோவுல வெச்சுப் பூட்டினேன்.”

பீரோவைப் போய்ப் பார்த்தோம். பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை. யாரோ சாவி போட்டு மரியாதையாகத் திறந்து, மரியாதையாக மூடியிருக்கிறார்கள்.

“சாவிகள் எத்தனை?” என்றார் சார்.

“ரெண்டு. ஒண்ணு இந்தப் பொண்ணு பையில கீது. இன்னொண்ணு என் வூட்ல, ஆணியில பத்திரமா தொங்குது,” என்றார் குப்புராஜ்.

“ஆகவே சாவி ஒன்று,” என்று சார் முடித்துவிட்டார். இரண்டு எப்படி ஒன்றாயிற்று என்று எனக்கு உறுத்தத்தான் செய்தது. பேசப்போகிற நேரத்தில் அவர் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டார். “பொடி கையில் பட்டால்?”

“பத்து நாள் ஆனாலும் போகாது சார். சோப்பு, மண்ணெண்ணெய் எதுக்கும் அசையாது.”

உடனே சார் பதினோரு தொழிலாளிகளையும் வரிசையில் நிறுத்தினார். கையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். ஏதோ தோன்றி நாக்கையும் நீட்டச் சொன்னார். முதலில் நின்ற மெஷின் ஆபரேட்டர் சுப்பராயலு, “நாக்கு எதுக்கு சார்? பொடிய நான் இன்னா தொட்டுகினா சாப்டேன்?” என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டினார். கிளவுஸ் போட்டு வேலை செய்கிறவர்கள், பதினோரு பேரும் சுத்தம்.

ஜெரூஷாவின் நகக்கண்களில் மட்டும் நீலம் இருந்தது.

“பாத்துக்கோங்க,” என்றார் குப்புராஜ்.

“ஓட்டல் மாஸ்டர் கையில மசாலா வாசனை வந்தா அவர் திருடனா சார்? அவ தினமும் அதுலதான் வேலை செய்யறா,” என்றேன். அவர் வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டார். பெரிய மனிதர்கள் எங்களைப் போன்றவர்களுக்குப் பதில் சொல்லாமலிருப்பதை மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள்.

வெளியே வந்ததும், டீ குடித்தால்தான் மூளை ஓடும் என்றார் சார். எதிரிலேயே டீக்கடை இருந்தது. அவருக்குப் பம்மல் டீதான் வேண்டுமாம். ஷேர் ஆட்டோ பிடித்தோம். பம்மல் மெயின் ரோட்டில் பாதி தூரம் போனதும் ஆட்டோ நின்றது. ரோட்டின் நடுவில் ஒரு பசு, பட்டா வாங்கிக்கொண்டது போல நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்திப் பார்த்துச் சலித்து, செல்லை எடுத்து வைத்துக்கொண்டார்.

வேறு வேலை இல்லாததால் நானும் அந்தப் பசுவைப் பார்த்தேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் நீலம் பூசியிருந்தார்கள். ஊரில் எல்லா மாட்டுக்கும் பூசுவதுதான். ஆனால் கடையில் வாங்குகிற பெயின்ட் பூசினால் கொம்பு பளபளவென்று இருக்கும். இது துளிகூட மினுங்கவில்லை. வெயிலில் நீலமாக இருந்த கொம்பு, பசு தலையை ஆட்டோ நிழலுக்குள் நீட்டியதும் பச்சை கலந்து தெரிந்தது.

அரை மணிக்கு முன்னால்தான் அதே நிறத்தை ஜெரூஷாவின் நகக்கண்ணில் பார்த்திருந்தேன்.

“சார், ஜாடி நடுரோட்டுல நிக்குது,” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. சார் இறங்கிப் போய், கர்ச்சீப்பால் கொம்பைத் துடைத்தார். வரவில்லை. பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துச் சுரண்டினார். “மேரி, குறித்துக்கொள். குற்றவாளியின் தடயம் கொம்பின் வலப்பக்கம்...” என்று ஆரம்பித்தவர் அதோடு நிறுத்தினார். பசு அவரைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

“அய்யய்யோ மேரி, மாட்டப் புடி, மாட்டப் புடி,” என்று மளிகைக் கடைக்குள் ஓடினார். வியாதி தெளிந்துவிட்டது.

தெருவிலிருந்து ஓர் அம்மாள் கையில் பால் தூக்கோடு வந்தாள். பசு அவளைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒதுங்கி நின்றது. “இன்னாய்யா, என் மாட்டு கொம்பப் புடிச்சி இன்னா பண்ணிகினு கீற? வயசுக்கு ஏத்த வேலயா இது?”

பெயர் அஞ்சம்மாள். பம்மலில் நாற்பது வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டு, கொம்பு ரொம்ப அழகாக இருக்கிறது, யார் பூசியது என்று கேட்டேன். மாட்டைப் புகழ்ந்தால் மாட்டுக்காரி எதையும் சொல்லிவிடுவாள்.

“தீனா பூசினான்மா. மெக்கானிக்கு. என்துக்கு மட்டுமா? இந்தத் தெரு, பக்கத்துத் தெரு, மொத்தம் இருபத்துமூணு மாடு. இந்த வருஷம் கலரு சூப்பரா கீது. நேத்து கழுவனேன், கொஞ்சம் கூட போவல.”

“இருபத்துமூன்று,” என்று கடைக்குள்ளிருந்து சார் முனகினார். ஆறு மாச உழைப்பு இருபத்துமூன்று மாட்டின் தலையில் பம்மல் முழுக்க மேய்ந்துகொண்டிருந்தது.

தீனாவின் மெக்கானிக் ஷெட் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. நாற்றத்துக்கு சார் மூக்கைப் பிடித்துக்கொண்டார். தீனா எங்களைப் பார்த்தான், சாரின் கூலிங் கிளாஸைப் பார்த்தான், இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்தான். கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஓடுகிற மனிதனை நான் அன்றுதான் பார்த்தேன். துரத்தவே தேவைப்படவில்லை. சந்து முனையில் ஒரு இரும்புக் கேட் சாத்தியிருந்தது. கையை வெளியே எடுக்காமல் அதைத் திறக்க முடியாது. அப்படியே முழித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“கரங்களைக் காட்டு,” என்றார் சார்.

முழங்கை வரை நீலம்.

“அக்கா, நாளைக்கு எனக்கு நிச்சயதார்த்தம்க்கா,” என்று அவன் என்னிடம் திரும்பினான். குரல் உடைந்துவிட்டது. “கைய இப்டி பாத்தா பொண்ணு வூட்ல ஏதோ தோல் வியாதின்னு நெனைப்பாங்க. அவங்கதான் விசாரிக்க ஆள அனுப்சாங்களோன்னு பயந்துட்டேன். சீயக்கா, பெட்ரோல், புளி, எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். பேஜாரா கீதுக்கா.”

“பொடி ஏது உனக்கு?”

“பொடியா? எனக்கு இன்னா தெரியும். எண்ணெயில கொழச்சி பக்கெட்ல ரெடியா கீது, பூசுடான்னாங்க. பூசினேன்.”

“எங்க?”

“வருஷா வருஷம் பூசற எடத்துலதான். குப்புராஜ் சார் வூட்டு மாட்டுக் கொட்டாய்ல. தெரு மாடு மொத்தமும் அங்கதான் வரும்.”

சார் கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தார். பெரிய யோசனை வருகிறது என்று அர்த்தம். பெரிய யோசனைதான் வந்தது. போட்டிக் கம்பெனி ஒன்று ஜாடியைத் திருடியிருக்கிறதாம். எடுத்துச் செல்ல வழியில்லாமல், யாரும் சந்தேகப்படாத இடமான முதலாளியின் மாட்டுக் கொட்டகையிலேயே ஒளித்து வைத்திருக்கிறார்களாம். அங்கே வேலை செய்கிற யாரோ உளவாளியாம். “அந்த இல்லத்தரசியை உடனே எச்சரிக்க வேண்டும், மேரி.”

மணி ஒன்றே முக்கால். நாலுக்கு இன்னும் இரண்டேகால் மணி நேரம். என் தலைக்குள் அந்த இரண்டாவது சாவி மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.

குப்புராஜின் மனைவி ஜெயஸ்ரீ எங்களை உள்ளே கூப்பிட்டு, விஷயத்தைக் கேட்பதற்கு முன்னால் இலையைப் போட்டுவிட்டார். “கம்பெனி வேலையா வந்திருக்கீங்க, சாப்பிடாம போனா அவர் என்னைத்தான் திட்டுவார்.” நான் சாம்பாரோடு நிறுத்திக்கொண்டேன். சார் தயிர் சாதத்துக்கு வந்து, பூண்டு ஊறுகாயை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே போட்டிக் கம்பெனி, உளவாளி என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வாய்...”

திரும்பிப் பார்த்தேன். சாரின் பல், உதடு, நாக்கு எல்லாம் நீலமாக இருந்தன. காலையில் அவர் பதினோரு பேரை நாக்கு நீட்டச் சொன்னது எனக்கு ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“பூண்டு ஊறுகாய் சில சமயம் நீலம் பூக்கும் சார், ஒண்ணும் பண்ணாது,” என்றார் ஜெயஸ்ரீ. “வழக்கமா இவ்ளோ பூக்காதுதான்.”

“அந்த ஊறுகா ஜாடியக் கொஞ்சம் காட்டுங்கம்மா,” என்றேன்.

கொண்டுவந்து வைத்தார். தடிமனான கண்ணாடி ஜாடி. இறுக்கமான மூடி. அடியில் பாதி கழுவிப்போன லேபிளில் ஜெரூஷாவின் கையெழுத்து.

“தங்கமான ஜாடிம்மா. தூக்கிப் போட மனசு வரல. கையில பிளாஸ்டிக் கவர் சுத்திக்கிட்டு நாலு தடவை கழுவிட்டுத்தான் போட்டேன். மேல சுத்தியிருந்த கருப்புப் பேப்பரைக் கூட அலமாரியில விரிச்சிருக்கேன்.”

சார் கர்ச்சீப்பை எடுத்து நாக்கைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் கேட்டேன். “உள்ள இருந்த பொடி?”

“முதல் படிதானே, அது மாட்டுக்குப் போச்சு.” இதில் என்ன கேள்வி என்பது போல ஜெயஸ்ரீ என்னைப் பார்த்தார். “எங்க வீட்டுல எது விளைஞ்சாலும் முதல் படி மாட்டுக்குத்தான். நெல் விளைஞ்ச காலத்துல நெல். நிலம் கம்பெனி ஆன பிறகு, கம்பெனியில விளையற நீலம். பத்து வருஷமா தெரு மாட்டுக்கெல்லாம் எங்க நீலம்தான் பூசறோம். போகி அன்னைக்கு அவர்தான் சொன்னார். கரும்பு வாங்கிடு, மஞ்சக் கொத்து வாங்கிடு, புது சரக்கு வந்திருக்கு, முதல் படி எடுத்துக்கோன்னு. கேட் சாவி, பீரோ சாவி ரெண்டும் ஆணியில இருந்தது. போனேன், ஒரே ஒரு சின்ன ஜாடிதான் இருந்தது. எடுத்துட்டு வந்தேன்.”

“ஜாடி திருட்டுப் போனது உங்களுக்குத் தெரியாதாம்மா?”

“தெரியுமே. லட்சக்கணக்கான ரூபா சரக்கு திருட்டுப் போயிடுச்சு, திருடியையும் புடிச்சாச்சுன்னு இப்பதான் போன்ல சொன்னார். அது வேற ஏதோ பெரிய ஜாடின்னு நெனச்சேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் ஊறுகாய் ஜாடியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. “அய்யோ. அந்தப் பொண்ணு பாவமாச்சே.”

இந்த வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து எல்லோரும் யார் திருடியது என்றுதான் கேட்டார்களே தவிர, யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்தேகாலுக்கே முடிந்திருக்கும்.

மூன்றரைக்குக் கம்பெனி ஆபீஸ் அறையில் ஊறுகாய் ஜாடியை மேஜை மேல் வைத்தோம். கூடவே வந்திருந்த ஜெயஸ்ரீ இரண்டே வரியில் சொல்லி முடித்தார். குப்புராஜ் முதலில் ஜாடியைப் பார்த்தார், பிறகு மனைவியை, பிறகு சாரின் வாயை. கரும்பு, மஞ்சள், முதல் படி மூன்றையும் அவர் வருஷா வருஷம் ஒரே மூச்சில் சொல்கிறவர். தான் சொன்னது தன் காதில் விழுந்ததே இல்லை.

“சரி,” என்றார் கடைசியில். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏதோ ஆயிப் போச்சு. நம்ம வூட்டு விஷயமாப் போச்சு. ஸ்டேஷனுக்கெல்லாம் போவல. நீ போயி வேலயப் பாரும்மா. இன்னொரு ஜாடி செய்ய எத்தினி நாள் ஆவும்?”

“ஒரு தடவ கையில வந்துடுச்சு, இனிமே ஒன்பது நாள் போதும் சார்,” என்றாள் ஜெரூஷா. சுவரோரத்திலிருந்து நகரவில்லை. “செய்யறேன். காலைல என்னை எங்க நிக்க வெச்சீங்களோ, அங்க வாங்க. யார்கிட்டச் சொன்னீங்களோ, அவங்ககிட்டச் சொல்லுங்க. அப்புறம் செய்யறேன்.”

“ஊர்ல எனக்கு ஒரு மரியாத கீதும்மா.”

“எனக்கும் ஒண்ணு இருந்துச்சு சார். இன்னிக்கிக் காலைல பத்தேகால் வரைக்கும்.”

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. குப்புராஜ் உதவிக்கு சாரைப் பார்த்தார். சார் நீல வாயை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். குப்புராஜ் மனைவியைப் பார்த்தார். ஜெயஸ்ரீ, “போங்க,” என்றார்.

கேட்டில் பதினோரு பேரும் கூடிவிட்டார்கள். நாங்கள் ஊறுகாய் ஜாடியோடு உள்ளே போனபோதே அவர்களுக்குப் பாதி விஷயம் எட்டியிருக்க வேண்டும். குப்புராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஜெரூஷா எடுக்கல,” என்றார்.

“கேக்கல சார்,” என்றார் சுப்பராயலு. முதல் வரிசையில், இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“ஜெரூஷா எடுக்கலன்னேன். எடுத்தது எங்க வூடு.”

“இன்னும் கேக்கல சார். காலைல நல்லா கேட்டுச்சு.”

அந்த நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது. தோள் பையோடு இறங்கிய ஆள் பிரிண்டர் கம்பெனி டேனியலாகத்தான் இருக்க வேண்டும். குப்புராஜ் அவரைப் பார்த்தார், பதினோரு பேரைப் பார்த்தார், கடைசியாக ஜெரூஷாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் மூச்சை இழுத்துவிட்டுப் பேசிய குரல், திருநீர்மலை ரோட்டின் எதிர்ச்சாரி வரை கேட்டிருக்கும்.

“ஜெரூஷா திருடி இல்ல. நான்தான் எடுத்துக்கினு போவச் சொன்னேன். சொன்னத நானே மறந்துட்டு அந்தப் பொண்ணு மேல பழியப் போட்டேன். தப்பு என்னுது.”

சுப்பராயலு தலையை ஆட்டினார். “இப்ப கேட்டுச்சு சார்.”

டேனியல் ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இங்க யாரைப் பாக்கணும்?” என்று பொதுவாகக் கேட்டார்.

பழக்கதோஷத்தில் குப்புராஜ் ஓரடி முன்னால் வைத்தார். அதற்குள் ஜெரூஷா அவரைக் கடந்து போய்விட்டாள்.

“என்னைத்தான் சார். ஜாடி தயாரா இல்ல, ஒன்பது நாள் ஆகும். என் பேர் ஜெரூஷா. நான்தான் இங்க கெமிஸ்ட்,” என்றாள். பக்கத்தில் நிற்கிற ஒருவருக்குச் சொல்வதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. கேட்டில் நின்ற பதினோரு பேருக்கும் கேட்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள்.